தட்டினால் நிற்காத வண்டி

எங்கள் மலைக்கு வருகிற பஸ்ஸைத் தட்டினால் நிற்கும். அதன் வயிற்றுப் பக்கமாக உள்ளங்கையால் இரண்டு அடி, ‘ஆளு வர்து, ஆளு வர்து’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கிளம்பிய வண்டி நின்றுவிடும். வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஜவ்வாது மலை ஏறுகிற பஸ்ஸுக்கு எத்தனை புது டிரைவர் வந்தாலும் ஒரே வாரத்தில் இதைப் பழகிக்கொள்வார். பழகாதவருக்கு மேலே டீ கிடைக்காது.

அந்தப் பஸ்ஸில் ஏறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஆண்கள் முதலில் பாய்ந்து ஏறி, துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். பெண்கள் மூட்டை, கூடை, கோழி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பின்னால் வருவார்கள். நாங்கள் ஏதோ கோட்டையைப் பிடித்த களைப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்போம். இதைப் பெண்களுக்குச் செய்கிற உதவி என்றுதான் ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அதற்காக ஒரு மாலைகூட எதிர்பார்த்திருப்பேன்.

இந்த இரண்டு பழக்கங்களையும் மடியில் கட்டிக்கொண்டு காட்பாடியில் வேக ரயிலின் முதல் வகுப்பில் ஏறினேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பெங்களூரில் சிறுதானியக் கூட்டம் ஒன்று நடக்கவிருந்தது. நடத்துகிறவர்கள் எப்படியோ என் நம்பரைப் பிடித்துப் பேசினார்கள். வீட்டில் இருப்பது ஒரே போன். அது என் சட்டைப் பையில்தான் குடியிருக்கும்.

“பழைய சாமை ரகமெல்லாம் உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க. யார் பாதுகாத்து வச்சிருக்காங்க?” என்று ஒரு பெண் குரல் கேட்டது.

“நான்தாங்க” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “நாங்கதாங்க” என்று திருத்திக்கொண்டேன். ஆனால் அந்தப் பக்கம் அதற்குள் எழுதிவிட்டார்கள்.

உண்மை வேறு. எங்கள் வீட்டுப் பரணில் ஐந்து சுரைக்குடுக்கைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு ரகச் சாமை விதை, சாம்பல் கலந்து, வாயில் சாணி மெழுகி அடைத்தது. எல்லாம் என் மனைவி சேர்த்தவை. அதில் ஒன்று அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆறுமாதச் சாமை. வயலில் ஆறு மாதம் கிடக்கிற பயிரை யார் இப்போது போடுகிறார்கள்? சுற்று வட்டத்தில் அவள் ஒருத்திதான் போட்டுக்கொண்டிருந்தாள். “இதுக்கு எதுக்குடி எடத்தக் குடுக்கற?” என்று வருஷா வருஷம் கத்தியதுதான் அந்த விதையைக் காப்பாற்றியதில் என் பங்கு.

கூட்டத்தில் ஒரு பதிவேடு இருக்கும் என்று போனில் சொன்னார்கள். யார் விதையைக் கையில் கொடுக்கிறார்களோ, அவர் பெயரில்தான் அந்த ரகம் பதிவாகும். இதை வீட்டில் சொன்னேன். அவள் அரிவாள்மணையிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள்.

“யாரு பேர எழுதுவாங்க?”

“விதை குடுக்கறவங்க பேர.”

“அப்ப எம் பேரா?”

“ஆமா.”

“எம் பேரா எழுதுவாங்க?” என்று மறுபடியும் கேட்டாள்.

நிலப் பட்டா என் பெயரில் இருக்கிறது. சங்கத்தில் உறுப்பினர் நான். ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் என்று அசடு வழிகிற படம் என்னுடையது. அவள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அதை வாசித்தால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள், அப்படித் தப்பாக எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது வரை படித்தவள் அன்றைக்கு நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். அடுத்த நாளும் எழுதினாள். ஊருக்குக் கிளம்புவதற்குள் நாள்காட்டி இரண்டு மாதம் முன்னால் போய்விட்டது.

டிக்கெட் என் போனுக்கு வந்தது. அழைக்கப்பட்ட விருந்தாளிக்கு முதல் வகுப்பு, கூட வருகிறவருக்குச் சாதாரண இருக்கை. விருந்தாளி நான். கூட வருகிறவர் அவள்.

“வெதைய தூக்கினு வர்றது நானு. மெத்த சீட்டு உனுக்கா?” என்றாள்.

“பேர் மாத்தி குந்தினா புடிச்சி உள்ள போட்ருவாங்க.”

“போட்டா உன்னத்தான போடுவாங்க? நான் குந்திக்கிறேன்.”

இருவரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே விஷயத்தை முடித்துவிட்டேன். சிரிக்க வைத்து வேலையை முடித்துக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான் பிழைத்து வருகிறேன்.

முதல் நாளே மலை இறங்கி, கணியம்பாடியில் அவள் அண்ணன் வீட்டில் தங்கி, விடிந்ததும் காட்பாடிக்குப் போனோம். அவள் தலையில் குடுக்கைகள் வைத்த கூடை. எங்களில் விதையை வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் போவது பெண்தான். விதைக்கிற கொல்லை வரைக்கும் அவள் தூக்குவாள், அங்கே அவள் கையால் அள்ளிக் கொடுத்த பிறகுதான் ஆண் தொடலாம். அது முறை. ஆனால் அவள் தோளில் தொங்கிய துணிப்பை, கையில் இருந்த தண்ணீர் பாட்டில், கூட்டம் நடத்துகிறவர்களுக்குக் கொடுக்க எடுத்துவந்த புளி உருண்டை, இவற்றை நான் தொடக் கூடாது என்று எந்த முறையும் சொல்லவில்லை. நான் போனைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வழியில் டீ குடிக்கலாம் என்று நின்றது நான். நாங்கள் பிளாட்பாரத்துக்கு வரவும் வண்டி உள்ளே வரவும் சரியாக இருந்தது. என் பெட்டி நடுவில், அவளுடையது கடைசியில்.

“கூட வந்து ஏத்தி வுடு” என்றாள்.

“ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். நான் எடம் புடிக்கணும். நீ அப்டியே நடந்து போ, கடைசிப் பொட்டி. டிக்கெட்டு எங்கிட்டதான் கீது, யாரு கேட்டாலும் எம் பேர சொல்லு.”

எண் போட்ட நாற்காலியை யார் வந்து பிடித்துக்கொள்ளப் போகிறார்கள்? அது மண்டைக்குத் தெரிந்திருந்தது. காலுக்குத் தெரியவில்லை. பாய்ந்து ஏறி, என் நாற்காலியில் துண்டைப் போட்டேன். பக்கத்து நாற்காலியில் மடிக்கணினியோடு இருந்த இளைஞர் துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆள் வராங்களா சார்?”

“நான்தான் அந்த ஆளு” என்று துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்று எழுதினால் போதாது. அந்த நாற்காலி என்னை வாங்கிக்கொண்டது. முதுகுக்கு முதுகு, காலுக்குக் கால் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மெத்தை வைத்திருந்தார்கள். காப்பித் தோட்ட வேலைக்குப் போன காலத்தில் இதே பாதையில் கக்கூஸ் கதவோரம் நானும் அவளும் குந்திக்கொண்டு போயிருக்கிறோம். கதவு திறக்கும்போதெல்லாம் அவள் என் பக்கம் சாய வேண்டும், மூடியதும் நான் அவள் பக்கம் சாய வேண்டும். இங்கே பித்தானை அழுத்தினால் நாற்காலியே சாய்ந்தது.

அப்போதுதான் ஜன்னலில் அவளைப் பார்த்தேன்.

கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு உள்ளங்கையால் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது. சத்தம் கொஞ்சமும் கேட்கவில்லை. அத்தனை தடித்த கண்ணாடி. நான் முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற அழகைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள் என நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜீப்பில் போகிற மந்திரி மாதிரி கையை மெதுவாக ஆட்டினேன். பிறகு, சரி போ, போய் ஏறு என்று கடைசிப் பக்கம் கையைக் காட்டினேன்.

வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. பிளாட்பாரம்தான் நகர்ந்தது. அவள் நாலைந்து அடி கூடவே ஓடி வந்தாள், இன்னும் அடித்துக்கொண்டு. பிறகு ஜன்னலில் வேறு ஆட்கள் வந்தார்கள்.

அடுத்த கதவில் ஏறியிருப்பாள் என்று நினைத்தேன். எங்கள் மலையில் நகர்கிற வண்டியில் ஏறத் தெரியாத பெண் உண்டா? இந்த வண்டியின் கதவு தானே மூடிக்கொள்ளும், மூடிய பிறகு யார் அடித்தாலும் திறக்காது என்பது எனக்குத் தெரியாதா? நான் ஏறும்போதே ஒலிபெருக்கியில் தமிழிலும் சொன்னார்கள். காதில் விழுந்தது. ஆனால் அந்த மெத்தையில் இருந்துகொண்டு ‘அவள் ஏறியிருப்பாள்’ என்று நம்புவது சுலபமாக இருந்தது. கக்கூஸ் ஓரம் குந்தியிருந்தால் இவ்வளவு சுலபமாக நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு தட்டு வந்தது. திறந்தால் சாமை உப்புமா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமையை விளைய வைக்கிற நாங்கள் ரேஷன் அரிசி தின்கிறோம், முதல் வகுப்பில் போகிறவர்கள் சாமை தின்கிறார்கள்.

“நல்லாருக்கா சார்?” என்றார் பக்கத்து இளைஞர்.

“எங்க வூட்டுச் சாமைதான். நல்லா இல்லாம போவுமா?”

அவர் மடிக்கணினியை மூடிவிட்டு விசாரிக்க ஆரம்பித்தார். சொல்ல வேண்டுமா? ஐந்து ரகம், சுரைக்குடுக்கை, சாம்பல், சாணி, ஆறுமாதச் சாமை எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் ‘நான், நான்’ என்றே வந்தது. “கிரேட் சார்” என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அடக்கத்தை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

தட்டில் ஒரு சின்ன கேக் இருந்தது. அதைத் தாளில் சுற்றி அவளுக்கென்று எடுத்துவைத்தேன். எத்தனை பெரிய மனசு பாருங்கள். தட்டு காலியான பிறகு அதை எடுத்துக்கொண்டு கடைசிப் பெட்டிக்கு நடந்தேன். உள்ளேயே வழி இருந்தது. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது: அவள் எந்தக் கதவில் ஏறியிருந்தாலும் போதும். என் பின்னாலேயே, என் கதவிலேயே ஏறியிருந்தாலும் போதும். உள்ளேயே நடந்து போயிருக்கலாம்.

அவளுடைய இடத்தில் திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று மட்டும் இருந்தது.

“இந்த சீட்டா? காட்பாடியில யாரும் ஏறலையே” என்றார் டிக்கெட் பரிசோதகர்.

“கூடையோட ஒரு பொம்பள…”

“பிளாட்பாரத்துல ஒரு அம்மா வண்டியைத் தட்டிட்டு நின்னாங்க. உங்க வீட்டவங்களா?”

இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. அதையும் ஒத்துக்கொள்கிறேன். “ஆமாங்க” என்று சொல்வதற்குள் ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து வந்த மாதிரி இருந்தது.

கணியம்பாடியில் இருக்கிற மச்சானுக்குப் போன் போட்டேன்.

“இன்னா மச்சான், போய்ச் சேந்துட்டீங்களா?”

“நான் போயினு இருக்கேன். உன் தங்கச்சி காட்பாடியிலயே நின்னுட்டா.”

“நீ எங்க குந்தினு கீற?” என்று கேட்டான்.

“வண்டியில.”

“இன்னும் குந்தினுதான் கீறியா?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு காட்பாடிக்கு ஓடியபோது அவள் அங்கே இல்லை. டிக்கெட்டும் இல்லாமல், போனும் இல்லாமல், இடுப்பில் செருகிய சுருக்குப்பையோடு விசாரித்து விசாரித்து வேலூருக்குப் போயிருக்கிறாள். அமிர்தி வழி மலைக்குப் போகிற பஸ் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்ததாம். தட்டியிருக்கிறாள். நின்றிருக்கிறது.

நான் பெங்களூரில் இறங்கிய உடனே திரும்பியிருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு இறங்கினேன். ஆனால் வெளியே ஒரு பெண், போனில் பேசியவள்தான், என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பெயரைத் தாங்கி ஒருத்தர் நிற்பதைப் பார்த்த பிறகு திரும்பிப் போகிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

“ஐயா, விதை?” என்று கேட்டாள்.

“வீட்டுக்காரி எடுத்துனு வந்தாங்க. வண்டிய வுட்டுட்டாங்க” என்றேன். வண்டியை விட்டது அவள் என்று ஆகிவிட்டது பாருங்கள்.

“அச்சச்சோ” என்றாள் அந்தப் பெண். “விதை கைக்கு வந்தாத்தான் பதிய முடியும் ஐயா.” பதிவேட்டில் எங்கள் ஊர்ப் பெயருக்கு எதிரே இருந்த இடத்தை வெறுமையாக விட்டு, தாளைத் திருப்பினாள்.

மேடையில் ஏற்றினார்கள். கையில் விதை இல்லை. விதையைப் பற்றிச் சொல்லத் தெரிந்ததெல்லாம் ரயிலிலேயே தீர்ந்துவிட்டது, அது அத்தனை கொஞ்சம். முன்வரிசையில் கொட்டாவி கிளம்பியது. கொட்டாவியைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. எங்கள் ஊர் பஸ்ஸைத் தட்டினால் நிற்கும் என்று ஆரம்பித்தேன். சிரித்தார்கள். வேக ரயிலை என் பெண்டாட்டி தட்டின கதையைச் சொன்னேன். கூடையைத் தலையில் பிடிக்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கி, மறு கையால் மேடைப் பலகையை அடித்து, வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக் காட்டினேன். கூடவே ஓடியும் காட்டினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்குப் பேசியவர்களில் எனக்குத்தான் அதிகக் கைத்தட்டல். சால்வை போட்டார்கள்.

குற்ற உணர்ச்சியில் பொதுப் பெட்டியில் நின்றுகொண்டே திரும்பி வந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. திரும்புவதற்கும் முதல் வகுப்பு போட்டிருந்தார்கள். அதிலேதான் வந்தேன். டீயும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று பத்துப் பதினைந்து பதில் தயார் செய்து வைத்திருந்தேன், எல்லாம் சிரிப்பு வருகிற பதில்.

“எழுதிக்கினாங்களா?” என்றாள்.

“விதை இல்லாம எழுத மாட்டேன்னுட்டாங்க.”

“நீ பேசினியா?”

“பேசினேன்.”

“இன்னா பேசின?”

நடந்ததை டீக்கடையில் ஒன்பது முறை சொல்கிறவன் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. “சாமையப் பத்தித்தான்” என்றேன். கேக்கை எடுத்துக் கொடுத்தேன். நசுங்கியிருந்தது. வாங்கி, பக்கத்தில் வைத்துவிட்டு, புளியை எடுத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து என் போனுக்கு மேடைப் பேச்சின் வீடியோவை அனுப்பினார்கள். நான் அதை அழித்திருக்க வேண்டும். என்னைப் பற்றிய வீடியோவை நான் எப்படி அழிப்பேன்? டீக்கடையில் நாலு பேருக்குக் காட்டினேன். நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்பினார்கள். அவள் தங்கையின் வீடு மலையிலேயே அந்தப் பக்கத்து ஊரில் இருக்கிறது. அங்கிருந்து சேதி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

போனைக் கேட்டு வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நான் கையைத் தூக்குகிறேன், பலகையை அடிக்கிறேன், வாயைத் திறந்து மூடுகிறேன். சிரிப்பு போனுக்குள்ளிருந்து சின்னதாகக் கேட்டது.

“இன்னொரு தபா போடு” என்றாள். போட்டேன். அதையும் கடைசி வரைக்கும் பார்த்தாள்.

“நல்லாத்தான் நடிக்கற” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். “நான் இன்னா கத்தினேன்னு அவங்களுக்குச் சொல்லலியே நீ.”

“இன்னா கத்தின?”

“வெதைய மட்டுமாவது வாங்கிக்கோன்னுதான் கத்தினேன். முறையாவது, கிறையாவது. வாங்கிக்கினு போய் எம் பேர சொல்லுன்னு.”

கதவு மூடியிருந்தது, வாங்கியிருக்கவே முடியாது என்றேன். உண்மைதான். அது ஒன்றுதான் இந்தக் கதையில் நான் சொன்ன உண்மை, அதனால் எந்தப் பயனும் இல்லை.

விதைப்புக்கு முன்னால் ஒரு நாள் பரணைப் பார்த்தேன். நாலு குடுக்கைகள்தான் தொங்கின. ஆறுமாதச் சாமையை அவள் தங்கை ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். விதையை எடுத்துப் போவது பெண்தான் என்கிற முறைப்படி, என்னிடம் கேட்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை.

“அது நம்ம கொல்லியில வேணாம்” என்றாள். “எடம் அடைக்குதுன்னு கத்தினு இருந்தியே.”

அந்த இடத்தில் இந்த வருஷம் சீக்கிரம் விளைகிற சாமை போட்டோம். நன்றாகத்தான் வந்தது. நாள்காட்டித் தாள்களில் அடுப்பு பற்றவைத்தாள். ஒன்றை நான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். இது என்ன அன்பா, இல்லை அடுத்த மேடைக்கு உதவும் என்கிற எண்ணமா என்று எனக்கே சந்தேகம்.

இப்போதெல்லாம் வேலூரிலிருந்து திரும்பும்போது அவள் என்னை முந்திக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். கையில் ஒன்றும் இருக்காது. போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் ஓடி வருவேன். வண்டி உறுமும். பக்கவாட்டில் உள்ளங்கையால் அடிப்பேன், ‘ஆளு வர்து’ என்று கத்துவேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜீப்பில் போகிற மந்திரி மாதிரி எனக்குக் கையை மெதுவாக ஆட்டுவாள். வீடியோ பார்க்காதவர்கள் யாரும் அந்தப் பஸ்ஸில் இல்லை. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே அடித்துக்கொண்டிருப்பேன்.

அவள் சிரிப்பதில்லை. டிரைவர்தான் பாவம் பார்த்து நிறுத்துகிறார்.